கீஸ் பெண்ட் போர்வைகளின் கோணல் கோடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்காவிலிருக்கும் மகளைப் பார்க்க வந்த இடத்தில், அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற ஊரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளை ஓர் அருங்காட்சியகத்தில் கண்டேன். நான் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோடுகள் கோணலாக ஓடுகின்றன. சதுரங்களின் மூலைகள் சேரவில்லை. தேர்ச்சி குறைந்த வேலையை, அவர்கள் பட்ட பாட்டுக்கு இரங்கி உலகம் கொண்டாடுகிறதோ என்று ஐயம் எழுகிறது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தங்கள் ஐயத்துக்கு விடை அந்தப் பெண்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. கீஸ் பெண்டிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருந்த பெண்கள் 1966-இல் ஃப்ரீடம் க்வில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, நியூயார்க் கடைகளுக்கு அளவு பிசகாத போர்வைகளைத் தைத்து அனுப்பினார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற விற்பனை நிறுவனத்துக்குக் கார்டுராய் (வரிவரியாகப் புடைத்த கெட்டித் துணி) தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது. அந்த வேலையில் ஓர் உறைக்கும் மற்றோர் உறைக்கும் வேறுபாடு தெரியக் கூடாது. அங்கே வெட்டியதில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு தங்களுக்கென்று தைத்தபோது அந்தப் பெண்கள் கடைக்காரரின் அளவுகோலைப் பின்பற்றவில்லை. நேர்கோடு தைக்கத் தெரிந்த கைகள்தாம் கோணலையும் தைத்தன என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

தாங்கள் பார்த்தவற்றில் 'ஹவுஸ்டாப்' என்ற அமைப்பு நிச்சயம் இருந்திருக்கும். நடுவில் ஒரு துண்டை வைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் துணியைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒரு பட்டையின் அகலம் கையிலிருக்கும் பழைய கால்சட்டைக் காலின் அகலத்தைப் பொறுத்தது. நீளம் போதாவிட்டால் வேறு நிறத் துண்டை ஒட்டித் தைக்க வேண்டும். அந்த இடத்தில் எந்த நிறம், நடுச்சதுரம் எந்தப் பக்கம் நகரலாம், அடுத்த பட்டையால் அதைச் சரிக்கட்டுவதா அப்படியே விடுவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் தைப்பவர் முடிவெடுத்தாக வேண்டும். கார்டுராய் இன்னொரு வாய்ப்பையும் தருகிறது: வரிகள் நெடுக்கில் ஓடும் துண்டும் குறுக்கில் ஓடும் துண்டும் ஒரே சாயமாக இருந்தாலும் வெளிச்சத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். துணியைப் பழகிய தங்கள் கண்ணுக்கு இது உடனே பிடிபடும்.

வறுமை உண்மைதான். 1932-இல், கடன் கொடுத்த வணிகர் இறந்த பிறகு, அவர் குடும்பத்தார் இவர்களுடைய கால்நடைகளையும் கருவிகளையும் தானியத்தையும் அள்ளிச் சென்றார்கள். 1962-இல், கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு எழுந்த காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்தும் நிறுத்தப்பட்டது. 2006-இல்தான் அது மீண்டது. பழந்துணியை நாட வைத்தது இந்த நிலைமை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே பழந்துணியைக் கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் முற்றிலும் வேறொரு போர்வையைத் தைத்தாள் என்பதற்கு வறுமை விளக்கமாகாது.

1942-இல் கீஸ் பெண்டைச் சேர்ந்த மிசௌரி பெட்வே என்ற பெண் தன் கணவர் இறந்தபின், அவருடைய வேலையுடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும் அன்போடு போர்த்திக்கொள்ளவும் அம்மா அதைத் தைத்ததாக மகள் ஆர்லோன்சியா பின்னாளில் கூறினார். இப்படிப்பட்ட வேலையுடைப் போர்வைகளில், முழங்கால் பட்டுத் தேய்ந்த வெளுப்பையும், பிரித்தெடுத்த பையின் அடியில் வெயில் படாமல் தங்கிய கருநீலத்தையும் மறைக்காமல், அவற்றையே வடிவத்தின் பகுதியாக்கியிருப்பதைக் காணலாம்.

ஒன்றில் தங்களோடு உடன்படுகிறேன். இந்தப் போர்வைகளைப் பற்றி எழுதுவோரில் பலர் துயரக் கதையை விரித்துச் சொல்கிறார்கள். தையலைப் பற்றி இரண்டு வரிகூட எழுதுவதில்லை. தாங்கள் மறுமுறை அங்கே சென்றால், பட்டைகள் சேரும் மூலைகளை மட்டும் நிதானமாகப் பார்த்து, ஒரு தையல் ஆசிரியையாகத் தாங்கள் காண்பதை எனக்கு எழுதுங்கள், இத்தளத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்