விக்டோரியன் வீட்டை பழையபடி மாத்த 92,000 பவுண்டு: ஊர்ல இருக்கிற சைட்டை வித்துடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க கோயம்புத்தூர், இப்போ இங்கிலாந்துல ரீடிங்ல இருக்கோம், ரெண்டு பசங்க, 9 வயசு, 5 வயசு. 2021ல ஒரு பழைய டெரஸ் வீடு (பக்கத்து வீடுங்களோட ஒட்டின வரிசை வீடு) வாங்கினோம், 1890கள்ல கட்டினது. விலை 4 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு, இப்போ 4.5 லட்சம் போகும்னு ஏஜென்ட் சொல்றார். மார்ட்கேஜ் பாக்கி 2,85,000, வட்டி 1.9%, இந்த வட்டி மாறாம ஃபிக்ஸ் ஆன காலம் இன்னும் 7 மாசத்துல முடியுது, அதுக்கப்புறம் 22 வருஷம் கட்டணும். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து மாசம் 5,600 கைக்கு வருது, ஐஸால (வரியில்லாத சேமிப்பு கணக்கு) 38,000 இருக்கு. முன்னாடி இருந்தவங்க ஃபயர்ப்ளேஸை அடைச்சு, சீலிங்ல ஆர்டெக்ஸ்னு மேடு பள்ளமான பூச்சு அடிச்சு, ஹால்வேல லேமினேட் போட்டு வச்சிருக்காங்க. போன மாசம் லேமினேட் ஒரு மூலையில தூக்கிடுச்சுன்னு பிரிச்சு பாத்தா அடியில சிவப்பும் கருப்பும் மஞ்சளுமா பழைய டைல்ஸ். அன்னிலேருந்து என் கணவருக்கு வீட்டை மொத்தமா கட்டின காலத்துல இருந்த மாதிரியே மாத்தணும்னு ஒரே பிடிவாதம். பில்டர் 92,000னு கோட் (செலவு மதிப்பீடு) குடுத்திருக்கார், கோட்டோட போட்டோவும் வீட்டு போட்டோவும் அனுப்பியிருக்கேன், டெபாசிட் 20,000 கேக்கறார். கோவையில 2009ல 9 லட்சத்துக்கு வாங்கின சைட் இப்போ 50 லட்சம் போகும், அதை வித்துட்டு, ரெண்டு வருஷம் பென்ஷனுக்கு கட்டுறதையும் நிறுத்திட்டு, மிச்சத்துக்கு கடன் வாங்கலாம்ங்கறார். எனக்கு பயமா இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: மேடம், முதல்ல அந்த கோட்டோட ரெண்டாவது பக்கத்துல மொத்தத்துக்கு கீழ பாருங்க, பொடி எழுத்துல 'பிளஸ் வாட்'னு, அதாவது மதிப்பு கூட்டு வரி தனின்னு போட்டிருக்கார். அப்போ அது 92,000 இல்ல, 20% சேர்த்து 1,10,400. இதுக்கு மேல, நூறு வருஷம் தாண்டின வீட்டுல சுவரை தொறந்தா உள்ள என்ன கிளம்பும்னு எந்த பில்டராலயும் சொல்ல முடியாது, அதனால ஒரு 15% தனியா எடுத்து வச்சுட்டுதான் இறங்கணும், அப்போ 1,27,000 கிட்ட போயிடுது. வீட்டுல நீங்க ரெண்டு பேரும் 92ன்னு நினைச்சு சண்டை போட்டுட்டு இருக்கீங்க, முதல்ல சரியான நம்பரை வச்சு சண்டை போடுங்க.

'ஒரிஜினலா மாத்தினா வீட்டு விலை ஏறும், போட்ட காசு வந்துடும்'னு உங்க கணவர் சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன், எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. கொஞ்சம் வரும், முழுசா வரும்னு நம்பி கடன் வாங்காதீங்க. ஒவ்வொரு தெருவுக்கும் இதுக்கு மேல போகாதுன்னு ஒரு விலை இருக்கு. லேண்ட் ரெஜிஸ்ட்ரி (இங்க பத்திரப்பதிவு துறை மாதிரி) வெப்சைட்ல உங்க தெருவுல எந்த வீடு எவ்வளவுக்கு வித்துச்சுன்னு ஃப்ரீயா பாக்கலாம், அதே சைஸ்ல நல்ல கண்டிஷன்ல இருந்த வீடு என்ன விலைக்கு போயிருக்குன்னு பாத்துட்டு உங்க 4.5 லட்சத்தோட ஒப்பிட்டு பாருங்க. அந்த வித்தியாசத்துக்கு மேல போடுற ஒவ்வொரு பவுண்டும் உங்க ஆசைக்கு பண்ற செலவு. ஆசைக்கு செலவு பண்றது தப்பே இல்ல, பசங்க வளரப்போற வீடு, ஆனா அதை செலவுன்னு ஒத்துக்கிட்டு பட்ஜெட் போடணும், முதலீடுன்னு பேரு வச்சுட்டு சைட்டை விக்கக்கூடாது.

இப்போ கோட்டுக்குள்ள போவோம், நிறைய காசு அங்கதான் மிச்சமாகுது.

டேம்ப் ப்ரூஃபிங்னு 7,600 போட்டிருக்கார், ஈரம் ஏறாம இருக்க சுவர் அடியில ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்துற வேலை. இந்த லைனை இப்போதைக்கு அடிச்சுடுங்க. உங்க வீட்டு சுவர் நடுவுல இடைவெளி விட்டு கட்டின இன்னைக்கு காலத்து சுவர் இல்ல, 9 இன்ச் முழு செங்கல் சுவர், உறிஞ்சுற ஈரத்தை காத்துல விட்டுடணும்னு சுண்ணாம்பு கலவையில கட்டினது, நம்ம ஊர் பழைய வீடுங்க மாதிரியேதான். அதுல ஈரம் நிக்குதுன்னா முக்கால்வாசி காரணம் வெளியிலதான் இருக்கும்: கூரை தண்ணி ஓடுற கட்டர் ஒழுகும், இல்லன்னா பின்னாடி பேட்டியோ (வெளித்தளம்) போட்டப்போ தரையை ஏத்தி ஏர் பிரிக்கை (காத்து போக ஓட்டை விட்ட செங்கல்) மூடியிருப்பாங்க, இல்லன்னா யாராவது சிமெண்ட் பூசியிருப்பாங்க. கெமிக்கல் விக்கிறவரே வந்து ஃப்ரீயா டேம்ப் டெஸ்ட் பண்ணினா பதில் கெமிக்கல்னுதான் வரும். பழைய வீடு தெரிஞ்ச ஆர்ஐசிஎஸ் (இங்க சர்வேயர்களோட தொழில் அமைப்பு) சர்வேயர் ஒருத்தரை காசு குடுத்து கூப்பிடுங்க, அவருக்கு விக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கு முன்னாடி எஸ்பிஏபின்னு ஒரு அமைப்பு இருக்கு, 1877ல வில்லியம் மோரிஸ் ஆரம்பிச்சது, பழைய கட்டடம் வச்சிருக்கிறவங்களுக்கு போன்ல ஃப்ரீயா டெக்னிக்கல் ஆலோசனை சொல்றாங்க, கூப்பிட்டு கேளுங்க.

அதே மாதிரி முகப்புக்கு பாயின்டிங் (செங்கல் இடுக்குல கலவை பூசுறது) 9,800, ஆனா சிமெண்ட் கலவைன்னு எழுதியிருக்கார். வேண்டவே வேண்டாம். சிமெண்ட் கலவை செங்கல்லை விட கெட்டி, ஈரம் இடுக்கு வழியா வெளிய போக முடியாம செங்கல் வழியா போகும், பனி காலத்துல அது உறைஞ்சு செங்கல்லோட முகமே பேந்துடும். ரீடிங் வீடுங்களுக்கு அழகே அந்த சிவப்பு செங்கல்ல சாம்பல் கலர் கோடும் கட்டமுமா போட்டிருக்கிற முகப்புதான், அது பேந்துச்சுன்னா எத்தனை ஆயிரம் குடுத்தாலும் அதே மாதிரி வராது. சுண்ணாம்புல பண்ற ஆள் கூலி கொஞ்சம் கூட கேப்பார், குடுங்க. கணவரோட ஆசையும் உங்க காசும் ஒரே பக்கம் நிக்கிற இடம் இது. தொடுறதுக்கு முன்னாடி உங்க தெரு பழமையை பாதுகாக்கிற கன்சர்வேஷன் ஏரியாவா, வழக்கமா அனுமதி வேண்டாத மாற்றத்துக்கும் அனுமதி கேக்க வைக்கிற ஆர்ட்டிகிள் 4 கட்டுப்பாடு இருக்கான்னு கவுன்சில்ல பாத்துடுங்க, ரீடிங்ல இந்த டிசைன் செங்கல் முகப்புக்குன்னே அந்த கட்டுப்பாடு போட்ட தெருக்கள் இருக்கு. லிஸ்டட் வீடா, அதாவது அரசோட பாதுகாப்பு பட்டியல்ல உள்ள வீடா இருந்தா கதையே வேற, அனுமதி இல்லாம மாத்தினா கிரிமினல் குற்றம், ஆனா வாங்கும்போதே உங்க சொலிசிட்டர் சொல்லியிருப்பார்.

ஜன்னல் ஏழும் புதுசுன்னு 14,000. எதுக்கு? போட்டோல பாத்த வரைக்கும் மேலயும் கீழயும் தள்ளி திறக்கிற பழைய சாஷ் ஜன்னலே அஞ்சு இருக்கு, பெயிண்ட் அடிச்சு அடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். பக்கவாட்டு பெட்டிக்குள்ள கயிறும் எடைக்கட்டியும் தொங்கும், கயிறு அறுந்திருக்கும், மாத்திக்கலாம். அந்த காலத்து மரம் நல்ல வைரம் பாஞ்ச மரம், இன்னைக்கு கடையில அந்த தரம் கிடைக்கிறது கஷ்டம். ரிப்பேர் பண்ணி, இடுக்குல குளிர்காத்து வராம அடைக்கிற ட்ராஃப்ட் ப்ரூஃபிங் போட்டா ஆட்டமும் குளிரும் பெருமளவு போயிடும். இதுல ஒரு வரி விஷயம்: இன்சுலேஷன், ட்ராஃப்ட் ஸ்ட்ரிப்பிங் மாதிரி எனர்ஜி மிச்சம் பண்ற சாமானை ஆள் வச்சு மாட்டினா 2027 மார்ச் 31 வரைக்கும் வாட் 0%. டபுள் க்ளேசிங் அந்த லிஸ்ட்ல இல்ல. வாட் பத்தி இன்னொண்ணு, வருஷ வியாபாரம் 90,000 பவுண்டுக்குள்ள இருக்கிறவங்க வாட் ரெஜிஸ்டர் பண்ணணும்னு கட்டாயம் இல்ல, ஜன்னல் ரிப்பேர், கார்னிஸ் (சுவரும் சீலிங்கும் சேர்ற இடத்து அலங்கார விளிம்பு) பூச்சு வேலையெல்லாம் தனியாளா பண்றவங்க பல பேர் அப்படித்தான், அவங்ககிட்ட நேரா குடுத்தா அவங்க கூலிக்கு மேல அந்த 20% வராது, சட்டப்படியே. 'கேஷா குடுங்க, வாட் போட மாட்டேன்'னு சொல்றவர் வேற, அவர் பக்கம் போகாதீங்க, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க கையில பேப்பரே இருக்காது.

ஹால்வே டைல்ஸுக்கு கோட்ல 6,000, புதுசா போடுறதுக்கு! அந்த டைல்ஸ்ல பூ டிசைன் போட்ட பீஸ் இருந்தா அது அநேகமா என்காஸ்டிக், கலர் மேல பூசினது இல்ல, வேற வேற கலர் களிமண்ணையே பதிச்சு சுட்டது, தேஞ்சாலும் டிசைன் போகாது. லேமினேட்டை முழுசா பிரிங்க, பசை கறையை பொறுமையா சுரண்டி சுத்தம் பண்ணுங்க, லீவு நாள்ல கணவர்கிட்ட விட்டுடுங்க, அவருக்கும் ஒரு திருப்தி. உடைஞ்ச பீஸுக்கு மாத்து டைல் இன்னும் ஷ்ராப்ஷயர்ல ஜாக்ஃபீல்டுல தயாரிக்கிறாங்க. ஆனா சீலிங் ஆர்டெக்ஸை மட்டும் அவரை சுரண்ட விடாதீங்க. பழைய ஆர்டெக்ஸ்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், இங்க அதுக்கு முழுத்தடை வந்ததே 1999லதான், சின்ன சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்ப பெருசா செலவு ஆகாது. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அஞ்சு வயசு குழந்தை இருக்கிற வீட்டுல அதையும் காய்ஞ்சபடி தேய்க்கக்கூடாது.

சரி, கடன். இங்கதான் உங்க பயம் நியாயமானது, நீங்க நினைக்கிறதை விட நியாயமானது. இன்னைக்கு 1.9%ல மாசம் 1,320 கிட்ட கட்டுறீங்க. புது டீல் 4.5%ன்னு கணக்குக்கு வச்சுக்கிட்டா, ஒரு பவுண்டு கூட புதுசா கடன் வாங்காமலே அதே 2,85,000க்கு மாசம் 1,700 ஆகும். 380 பவுண்டு சும்மாவே ஏறுது. இதுக்கு மேல மொத்த 1,10,400ஐயும் மார்ட்கேஜ்ல சேர்த்தா மாசம் 2,360, கடன் வீட்டு விலையில 88% ஆயிடும், அந்த அளவுக்கு போனா நல்ல ரேட்டும் கிடைக்காது. 40,000 மட்டும் சேர்த்தா மாசம் 1,940, கடன் 72%, அதாவது 75% வரம்புக்குள்ள, அங்க ரேட் பரவாயில்லாம இருக்கும். உங்க வருமானத்துக்கு இது தாங்கும், இதுக்கு மேல வேண்டாம். அந்த 40,000க்கும் 22 வருஷத்துல வட்டி மட்டும் 23,000 போகும்ங்கறதை தெரிஞ்சுக்கிட்டே வாங்குங்க. இப்பவே நடுவுல உடைச்சு மாத்தினா முன்கூட்டி அடைக்கிற அபராதம் வரும், அதனால 7 மாசம் காத்திருங்க, ஆனா புது டீலை ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணிக்கலாம், ரேட் இறங்கினா மாத்திக்கலாம், அடுத்த மாசமே ஒரு புரோக்கர்கிட்ட பேசிடுங்க.

பென்ஷனை நிறுத்துறது இருக்கே, அது இந்த திட்டத்துலயே மோசமான பகுதி. கம்பெனி போடுற பங்கு நின்னுடும், 40% வரி கட்டுற சம்பளமா இருந்தா பென்ஷன்ல போற 100 பவுண்டுக்கு உங்க கையிலேருந்து போறது 60தான், அதையும் விட்டுடுறீங்க. ஓட்டை கூரைக்கே நான் இதை ஒத்துக்க மாட்டேன், கார்னிஸுக்கு எப்படி ஒத்துக்குவேன்.

சைட் விஷயம். விக்கவே கூடாதுன்னு சொல்லல, இதுக்காக அவசரமா விக்காதீங்க. 50 லட்சத்துக்கு வித்தா லாபம் 41 லட்சம், இந்தியாவுல 12.5% வரி, செஸ் சேர்த்து ஏறக்குறைய 5 லட்சத்து 33 ஆயிரம். விலைவாசி ஏத்தத்துக்கு ஏத்த மாதிரி வாங்கின விலையை கூட்டிக்கிற இண்டெக்ஸேஷன் கணக்கு போட்டு வரியை குறைக்கிற வழி என்ஆர்ஐக்கு இல்ல. வாங்குறவர் டிடிஎஸ்னு வரியை பிடிச்சுட்டுதான் குடுப்பார், லாபத்துக்கு மட்டும் பிடிக்கணும்னா முன்கூட்டியே வருமான வரித்துறையில குறைந்த டிடிஎஸ் சர்டிபிகேட் வாங்கணும், அதுக்கே நாளாகும். பணம் என்ஆர்ஓ அக்கவுண்ட்டுக்கு (என்ஆர்ஐக்கு இந்தியாவுல உள்ள பேங்க் கணக்கு) வந்து, ஆடிட்டர் சர்டிபிகேட்டோட இங்க வரணும். அப்புறம் இங்க வரித்துறையான ஹெச்எம்ஆர்சிக்கும் கணக்கு காட்டணும், இங்க ரேட் 18% இல்லன்னா 24%, அங்க கட்டினதை கழிச்சுக்கிட்டு மிச்சத்தை கட்டணும். ஒரு சின்ன ஆறுதல், இங்க லாபத்தை பவுண்டுல கணக்கு போடுவாங்க, வாங்கின அன்னிக்கு ரேட்ல வாங்கின விலை, வித்த அன்னிக்கு ரேட்ல வித்த விலை, ரூபா இறங்கினதால லாபம் கம்மியா தெரியும். எப்படியும் ரெண்டு நாட்டு ஆடிட்டர் வேணும். எதிர்காலத்துல ஊருக்கு திரும்புற எண்ணம் துளி இருந்தா கூட சைட்டை தொடாதீங்க.

அப்போ என்னதான் பண்றது? ஐஸால 38,000 இருக்கு, அதுல 20,000ஐ தொடாம அவசரத்துக்கு வைங்க, ரெண்டு பேர் வேலை, ரெண்டு பசங்க, இதுக்கு கம்மியா வைக்கக்கூடாது. மிச்ச 18,000ஐ வச்சு முதல் வருஷம் சர்வேயர், கட்டர், முகப்பு சுண்ணாம்பு பாயின்டிங், ஜன்னல் ரிப்பேர். மார்ட்கேஜை புது டீலுக்கு மாத்தி 40,000 கையில வந்ததும் வயரிங், அப்புறம் கூரை. கோட்ல கூரைக்கு 24,000 போட்டிருக்கார், இப்போ இருக்கிற கான்கிரீட் ஓடுகளை எடுத்துட்டு வெல்ஷ் ஸ்லேட் (வேல்ஸ்ல கிடைக்கிற கல் ஓடு). கான்கிரீட் ஓடு ஸ்லேட்டை விட கனம், கூரை மரம் தொய்ஞ்சிருக்கான்னு சர்வேயர் சொல்வார், தொய்ஞ்சிருந்தா அவசரம், இல்லன்னா ரெண்டு வருஷம் தள்ளலாம். சுவர் காயாம உள்ள பூச்சு வேலையே தொடக்கூடாது, காய ஒரு வெயில் காலமாவது போகட்டும். கார்னிஸ், சீலிங் ரோஸ் (சீலிங் நடுவுல வர்ற வட்ட அலங்காரம்), ஃபயர்ப்ளேஸ் எல்லாம் மூணாவது வருஷத்துலேருந்து சம்பளத்துல ஒவ்வொரு ரூமா. ஃபயர்ப்ளேஸை சுத்தி வர்ற சரவுண்ட், பழைய கட்டட சாமான் விக்கிற சால்வேஜ் யார்டுல நல்லதா கிடைக்கும், கிரெடிட் கார்டுல வாங்குங்க, 100லேருந்து 30,000 பவுண்டு வரைக்கும் உள்ள பொருளுக்கு செக்‌ஷன் 75 பாதுகாப்பு உண்டு, கடைக்காரர் ஏமாத்தினா கார்டு கம்பெனியை கேக்கலாம்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வீட்டு இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு எழுத்துல சொல்லிடுங்க, சொல்லாம விட்டா க்ளெய்ம் வரும்போது கைவிரிக்க காரணமாயிடும். லீவுக்கு ஊருக்கு போகும்போது வேலை நடக்கட்டும்னு பூட்டிட்டு போனா பாலிசியில காலி வீட்டுக்கு 30 நாளா 60 நாளான்னு பாருங்க.

அந்த 20,000 டெபாசிட்டை குடுக்காதீங்க. இதே பில்டரை வச்சுக்கிறதா இருந்தா பாயின்டிங்கை சுண்ணாம்புக்கு மாத்தி, டேம்ப் லைனை எடுத்துட்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனி ரேட் போட்டு, வாட் சேர்த்து புது கோட் கேளுங்க, சாமான் வந்து இறங்கினதுக்கு இவ்வளவு, முடிஞ்ச வேலைக்கு இவ்வளவுன்னு எழுதி வாங்குங்க, கடைசி 5%ஐ குறையெல்லாம் சரி பண்ணினப்புறம்தான் குடுக்கணும். 'சுண்ணாம்பெல்லாம் இப்போ யாரும் பண்றதில்ல மேடம்'னு சொன்னார்னா வேற ஆளை பாருங்க.