அடித்தண்டு அழுகிய தூண் கள்ளி பிழைக்குமா?

கேள்வி: மாடியில் நாலடி உயரத்துக்கு ஒரு தூண் கள்ளி வளர்க்கிறேன். கார்த்திகை மழைக்குப் பிறகு அடித்தண்டு பழுப்பாகி, அமுக்கினால் கொழகொழவென்று இருக்கிறது; செடியும் சாய்கிறது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் வைத்து, மற்ற தொட்டிகளோடு இதற்கும் தினம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். காப்பாற்ற முடியுமா? இதுவரை பூக்கவும் இல்லை.
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: அடியைக் காப்பாற்ற முடியாது அம்மா. மேல்பாகம் பிழைக்கும். ஆனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், அழுகல் மேலே ஏறிக்கொண்டே போகும்.

முதலில் ஒரு குண்டூசியால் குத்திப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது நம் பக்கத்துக் கரடுகளில் தானாக வளரும் சதுரக்கள்ளி. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பால் வராவிட்டால் நர்சரிகளில் செரியஸ் என்று விற்கும் தென்னமெரிக்கக் கள்ளியாக இருக்கும். வெட்டி நடும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, அழுகலுக்கு நாலு விரற்கடை மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் வட்டமாக ஒரு வளையம் தெரியும். அதில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் கத்தியை மறுபடி துடைத்து, இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றி வெட்ட வேண்டும். சதை முழுக்கச் சுத்தமாகத் தெரிந்த பிறகு, விளிம்பைப் பென்சில் சீவுவதுபோல் சுற்றிலும் லேசாகச் சரித்து விடுங்கள். காயும்போது நடுச்சதை உள்வாங்கும், விளிம்புத் தோல் விறைத்து நிற்கும். வேர் வருவதோ அந்த வளையத்திலிருந்துதான். சீவாவிட்டால் அது மண்ணைத் தொடாமல் குழிக்குள் தொங்கும்.

அப்புறம் அவசரமே கூடாது. வெட்டிய துண்டை நிழலில், காலித் தொட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் பக்கவாட்டில் வேர் விடும். பல துண்டாக வெட்டினால் தலை எது, கால் எது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பனிக்காலத்தில் காயம் கட்டித் தோல்போல ஆக மூன்று வாரம்கூடப் பிடிக்கும். தை பிறந்ததும் நட்டால் சரியாக இருக்கும்.

கரிசல் பருத்திக்கு நல்ல மண். தொட்டிக் கள்ளிக்கோ, ஈரச்சாக்கைச் சுற்றியது மாதிரி. செம்மண் ஒரு பங்கு, தூள் போகச் சலித்த எம்சாண்ட் ஒரு பங்கு, செங்கல் துண்டு ஒரு பங்கு போதும். தொட்டி, அடியில் துளையுள்ள மானாமதுரை மண்தொட்டியாக இருந்தால் நல்லது. மூன்று அங்குலம் புதைத்துக் குச்சி கட்டுங்கள். இரண்டு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம், பிறகு லேசாகத் தெளிக்கலாம். ஒன்றரை மாதம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வராமல் பிடித்து நின்றால் வேர் விட்டாயிற்று.

அதன் பிறகு தண்ணீர் கேட்பதைத் தண்டே சொல்லும். வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் ஆழமானால் தாகம். உப்பியிருந்தால் கிட்டவே போகாதீர்கள். சித்திரை வெயிலுக்குப் புதுச்செடி வெளிறிக் கருகும், பச்சை நிழல்வலை கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

பூவுக்குச் சில வருடம் பொறுக்க வேண்டும். செரியஸாக இருந்தால் பூ இரவில் விரிந்து, காலை வெயில் ஏறியதும் வாடிவிடும். மொட்டு நீண்டு பருத்தால் சாப்பிட்டு முடித்த கையோடு டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள்.