ஓலையில் மடியும் உருவம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓர் அடி உயரத்தில் மெழுகில் விஷ்ணு உருவம் செய்து பழகுகிறேன். முகம் நன்றாக வருகிறது. முழுதாகப் பார்த்தால் சிறுபிள்ளை நிற்பதுபோல் இருக்கிறது. எங்கே தவறு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முகத்திலிருந்து தொடங்கியதுதான் தவறு. கண்ணும் மூக்கும் திருத்த இடம் வேண்டுமே என்று கை தானாகவே தலையைப் பெரிதாக்கிவிடும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகைத் தொடுமுன் ஒடியோலை எடுப்பது இதற்காகத்தான். உருவத்தின் உயரத்துக்குத் தென்னையோலையை நறுக்கி, உறுப்புகளின் அளவுப்படி மடித்துக்கொள்வார்கள். உங்களுக்குக் காகித நாடாவே போதும்.

சிற்ப அளவுமுறைக்குத் தாளம் என்று பெயர். விஷ்ணுவுக்கு உத்தம தச (பத்து) தாளம், அதாவது 124 அங்குலம். இது டேப்பில் உள்ள இஞ்ச் இல்லை. உருவத்தின் உயரத்தில் 124-இல் ஒரு பங்கு. நாடாவை 31 செ.மீ. நறுக்கினால் ஓர் அங்குலம் 2.5 மி.மீ. மேலிருந்து மடியுங்கள்: உச்சி முதல் நெற்றிமயிர் வரை 4, முகம் 13½, கழுத்து 4, மார்பு, வயிறு, அடிவயிறு ஒவ்வொன்றும் 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கிரீடமும் பீடமும் இதில் சேராது. அவற்றுக்குத் தனியே உயரம் விடுங்கள்.

இந்தக் கணக்கில் முகம் 34 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. உச்சியையும் முகத்தையும் சேர்த்து ஒரு தலை என்று எண்ணினால், உருவம் ஏழு தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். முகத்தை 42 மி.மீ. ஆக்கினால் ஆறு தலைக்கு இறங்கிவிடும். அது குழந்தையின் உடல்வாகு. இன்னொன்றையும் பாருங்கள்: முழங்காலுக்கும் பாதத்துக்கும் தனி அளவு விடாமல் தொடையிலும் கணைக்காலிலும் கரைத்துவிட்டால் கால் 2 செ.மீ. குட்டையாகும். தாயார் உருவத்துக்கு 120 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாளம்தான், 60 அங்குலம். அந்தக் குள்ள உடம்புதான் அவருக்கு அழகு.

கேள்வி: முக அமைப்பை வைத்தே ஒருவர் குணத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, சிற்பத்தில் குணம் காட்டுவதும் அப்படித்தானா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை. அகன்ற தாடை பிடிவாதம், சின்னக் கண் வஞ்சகம் என்பதெல்லாம் ஆதாரமற்ற பேச்சு. பெண் பார்க்கும் இடத்திலும் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் இப்படி மனிதரை எடை போடுவது அநியாயம். அம்பு நேரானது, கொல்லும். யாழின் கொம்பு வளைந்தது, இனிமை தரும். செயலைப் பார்த்து மதிப்பிடு என்கிறார் வள்ளுவர் (குறள் 279).

சிற்பி எலும்பை மாற்றுவதில்லை, தசையின் அசைவைக் காட்டுகிறார். கோபத்தில் புருவத்தின் உள்முனைகள் தாழ்ந்து நெருங்கும், மேலிமை உயரும், உதடு இறுகும். சிரிப்புக்கு உதட்டோரத்தை மட்டும் தூக்கினால் போலியாகத்தான் தெரியும். கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ள வேண்டும். இரண்டு முகத்துக்கும் ஓலையின் மடிப்பு ஒன்றே.

கேள்வி: திரிபங்கத்தில், அதாவது உடல் மூன்று இடத்தில் வளைந்து, நிற்கும் மெழுகு உருவம் சாய்ந்து விழுவதுபோல் தெரிகிறது. என்ன செய்வது?
– வாசகர், சிதம்பரம்

பதில்: கழுத்துக் குழிக்கு நேரே ஒரு நூல்குண்டைத் தொங்கவிடுங்கள். உடல் பாரம் தாங்கும் காலின் கணுக்காலை ஒட்டி அது இறங்க வேண்டும். அந்தக் கால் பக்கம் இடுப்பு உயரும், தோள் தாழும். இரண்டையும் ஒரே பக்கம் உயர்த்திவிடுவதுதான் வழக்கமான பிழை. இப்போதே இடுப்பில் மட்டும் இளஞ்சூடு காட்டி வளைத்துத் திருத்துங்கள். வார்ப்புக்காக மெழுகின் மேலே மண் பூசிய பிறகு திருத்த வழியில்லை.