அப்பாவின் குரல் இல்லாத கிறிஸ்மஸ் பாட்டு

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 44. சொந்த ஊர் பாளையங்கோட்டை. சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அப்பா எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் முப்பது வருடத்துக்கு மேல் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டராக இருந்தவர். இந்தப் பிப்ரவரி 9ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்மஸ் நவம்பர் கடைசியிலேயே வந்துவிடும். அப்பா ஆர்மோனியத்தைத் துடைக்க ஆரம்பித்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். நாலு பேருக்கும் மேலிருந்து கீழாக நாலு குரல்: அம்மா சொப்ரானோ, நான் ஆல்டோ, தம்பி டெனர், அப்பா பாஸ். அம்மா முறுக்கு சுட்டபடியே அடுப்படியிலிருந்து பாடுவார். டோ, ரே, மி என்று தமிழ் எழுத்தில் அப்பா எழுதிய நோட்டில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. குளிக்கும்போது அப்பா பாஸை மட்டும் தனியாகப் பாடுவார். அதில் மெட்டே பிடிபடாது, ஒரே இடத்தில் நின்று உறுமுவது போல இருக்கும். நாங்கள் சிரித்தால், “மேல மூணு பேரு நிக்கணும்னா கீழ ஒருத்தன் வேணும்லா” என்பார்.

வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும் ராத்திரிகளில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடப்பேன். நாலாவது தெருவுக்குள் தூக்கம் வந்துவிடும். யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் சுக்குக் காப்பி கொடுத்து எழுப்புவார்கள்.

அவருக்கு உயிர், பாமாலை என்கிற எங்கள் கோயில் பாட்டுப் புத்தகத்தில் வரும் ‘ஒப்பில்லா திரு இரா’. ‘சைலன்ட் நைட்’ பாட்டின் தமிழ் வடிவம் அது. 1818 கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்கிற ஊரில்தான் அதன் மூலப் பாட்டை முதன்முதலாகப் பாடினார்கள். பாட்டெழுதிய ஜோசப் மோர் பாதிரியார் கிதார் வாசித்து டெனர் பாட, மெட்டமைத்த ஃப்ரான்ஸ் க்ரூபர் பாஸ் பாடினார். “மெட்டுப் போட்டதே பாஸ்காரன், பாத்துக்கோ” என்று அப்பா வருடம் தவறாமல் சொல்வார்.

போன டிசம்பரில் வருடக் கடைசி வேலையால் ஊருக்குப் போக முடியவில்லை. 20ஆம் தேதி மத்தியானம் அப்பா போன் செய்தார். “ஆல்டோ எடு, சரியா வருதான்னு பாப்போம்” என்று சொல்லி அந்தப் பாட்டின் பாஸை ஆரம்பித்துவிட்டார். நான் மீட்டிங்கில் இருந்தேன். “அப்புறம் கூப்பிடுறேன்ப்பா” என்று பாதியில் கட் செய்தேன். 25ஆம் தேதி பேசினோம், பொங்கலுக்கும் பேசினோம். அந்தப் பாட்டை அவரும் எடுக்கவில்லை, எனக்கும் ஞாபகம் வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

ஜூனிலிருந்து அம்மா என்னோடு இருக்கிறார். 1996இல் நாங்கள் நாலு பேரும் பாடி, பழைய டூ இன் ஒன்னில் பதிவு செய்த கேசட் ஒன்று உண்டு. டிசம்பர் பிறந்ததிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அம்மா அதைப் போடுகிறார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறேன். கடைசியில் அப்பா, “ஆல்டோ இன்னும் கொஞ்சம் சத்தமா வந்திருக்கணும்” என்பார். அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

இப்போது என் 11 வயது மகளை ஞாயிறு பள்ளி நிகழ்ச்சிக்கு ஆல்டோவில் போட்டிருக்கிறார்கள். அதே பாட்டு. சொல்லிக்கொடு என்கிறாள். ஒரு வரிக்கு மேல் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அம்மாவைக் கேசட் போட வேண்டாம் என்று சொல்லலாமா? இந்த வருடம் பாட்டே இல்லாமல் கடந்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அந்த போன் அழைப்பைப் பற்றிப் பேசிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் சிக்கியிருக்கிறது.

டிசம்பர் 20இலிருந்து பிப்ரவரி 9 வரை 51 நாள். அத்தனை நாளும் அது பாதியில் நின்ற ஒரு சாதாரண அழைப்பாகத்தான் இருந்தது, உங்களுக்கும் அப்பாவுக்கும். அவர் விடைபெறுவதற்காக அன்று பாடவில்லை. வருடா வருடம் செய்வது போல ஆல்டோ சரியாக வருகிறதா என்று பார்க்கக் கூப்பிட்டார். பிப்ரவரியில் தெரிந்துகொண்டதை எடுத்துப்போய் டிசம்பரில் இருந்த உங்கள் மேல் வைக்கிறீர்கள். இழப்புக்குப் பிறகு மனம் இப்படித்தான் பழைய நாட்களைத் துழாவி எங்கேயாவது ஒரு குற்றத்தைக் கண்டெடுக்கும். என்னிடம் வருகிறவர்களில் பலரிடம் ஒரு எடுக்காத போன், ஒரு போகாத பயணம் இருக்கிறது.

பாட்டு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், சிறு வயதில் கேட்ட பாட்டு தனியாக வருவதில்லை, அந்த இடத்தையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வரும். அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஜனாட்டா 2009இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய பாட்டு சொந்த நினைவைக் கிளப்பும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதி கூடுதலாக இயங்குவதைக் காட்டினார். நம்மைப் பற்றி நாமே நினைக்கும்போதும் வேலை செய்கிற பகுதி அது. உங்கள் தொண்டை அடைப்பதைப் பலவீனம் என்று எண்ண வேண்டாம். அந்த ஒரு வரிக்குள் முறுக்கு வாசனையும் பெட்ரோமாக்ஸும் அப்பாவின் சட்டையும் இருக்கின்றன.

அம்மாவைக் கேசட் போட வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் துக்கத்தைப் பற்றிச் சொன்ன கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வேலையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய்வருவார், அந்தப் போக்குவரத்து இருப்பதுதான் ஆரோக்கியம் என்றார்கள். உங்கள் வீட்டில் ஏழு மணிக்கு அம்மா இழப்பின் பக்கம் உட்கார்கிறார், நீங்கள் குழாயைத் திறக்கிறீர்கள். இரண்டு பேர் செய்வதிலும் தப்பில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்கிறீர்கள், அதுதான் கஷ்டம். “அம்மா, என்னால் ஒரு சரணம்தான் கேட்க முடியும். அப்புறம் எழுந்து போயிடுவேன், தப்பா நினைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு சரணத்துக்கு மட்டும் பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு அவசர வேலையும் இருக்கிறது. 1996 நாடாவைத் தினமும் ஓட்டினால் ஒருநாள் சிக்கிக் கிழியும். இந்த வாரமே யாரிடமாவது கொடுத்துக் கணினியில் பிரதி எடுங்கள். தம்பிக்கும் ஒன்று அனுப்புங்கள், அவரிடமும் இதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

மகளுக்கு ஆல்டோவை நீங்களே சொல்லிக்கொடுங்கள். நாளுக்கு ஒரு வரி போதும். தாத்தா எழுதிய நோட்டை அவள் கையில் கொடுங்கள், எண்ணெய்க் கறையோடு. நடுவில் அழுகை வந்தால், “தாத்தா ஞாபகம் வருது” என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். காரணம் சொல்லாமல் அம்மா எழுந்து போனால்தான் பிள்ளை பயப்படும். கீழே பாஸ் இல்லாமல் பாட்டு ஒருபக்கம் சாய்ந்த மாதிரிதான் கேட்கும். அந்த இடத்தை வேறு யாரையாவது வைத்து நிரப்பும் அவசரம் இந்த வருடம் வேண்டாம். ஓபர்ன்டார்ஃபிலும் முதல் ராத்திரி இரண்டு பேர்தான் முன்னால் நின்று தொடங்கினார்கள். உங்கள் வீட்டில் இப்போது மூன்று பேர் இருக்கிறீர்கள்.

பத்து மாதத்தில் இந்த வலி இயல்பானது. தூக்கம் கெட்டு, வேலை ஓடாமல், குற்ற உணர்ச்சி நாள் முழுக்கப் பிடித்து அழுத்தினால், ஓராண்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் நேரில் ஒருவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. போன டிசம்பர் 20ஆம் தேதி மத்தியானம் அப்பா உங்களைக் கூப்பிட்டபோது அம்மா அந்த வீட்டில்தான் இருந்திருப்பார். போனை வைத்ததும் அப்பா என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேளுங்கள். “பிள்ளைக்கு வேலை போல” என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாஸைத் தனியாகவே பாடி முடித்திருப்பாரோ என்னவோ.