டஸ்கனி பண்ணை வீட்டில் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கலாமா?

வயதானவர், பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு இத்தாலி கிராமப்புறத்தில் பழைய பண்ணை வீடு எடுத்துத் தங்குவது சரிப்பட்டு வருமா, எத்தனை நாள் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரிப்படும். ஆனால் முதல் இரண்டு நாள் வீட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நாங்கள் மல்லுக்கட்டினோம்.

போன ஜூனில் மியூனிக்கிலிருந்து காரிலேயே போனோம். நான், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா. இடம் டஸ்கனியின் தெற்கே வால் தோர்ச்சா, பியென்சா ஊருக்குப் பக்கம். கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத் தார் கிடையாது, வெள்ளைச் சரளை ரோடு. போய்ச் சேர்ந்தபோது கார் மாவு மில்லிலிருந்து வந்ததுபோல இருந்தது.

போன வேகத்தில் காட்சி பார்க்க எல்லா ஜன்னலையும் மரக்கதவோடு விரியத் திறந்துவைத்தோம். ராத்திரி பத்து மணிக்கு மாடியறை அடுப்பாகக் கொதித்தது. ஏசி கிடையாது. மறுநாள் காலை வீட்டுக்கார அம்மா வந்தார், ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டே போனார். முழங்கை நீளத்துக்கு மேல் தடிமனான கல்சுவர். ராத்திரி முழுக்கத் திறந்துபோட்டு, காலை ஒன்பதுக்குள் சாத்திவிட்டால் சாயங்காலம்வரை குளிர்ச்சி உள்ளேயே நிற்கிறது. "நேத்தே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் அப்பா. சொல்லத்தான் இல்லை.

இரண்டாம் நாள் கரண்ட். இத்தாலியில் வீடுகளுக்கு வழக்கமாகத் தரும் இணைப்பு 3 கிலோவாட்தான். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் கெட்டிலில் தண்ணீர் வைத்தேன், வீடு மொத்தமும் இருட்டு. மீட்டர் பெட்டியோ வாசலைத் தாண்டி, ரோடு திரும்பும் இடத்தில். மூன்று தடவை டார்ச்சோடு போய்வந்த பிறகு பெரியவன் ஒரு தாளில் 'ஒரு நேரத்தில் ஒன்றுதான்' என்று எழுதிக் கெட்டிலுக்கு மேலே ஒட்டினான்.

இதெல்லாம் பழகிய பிறகுதான் வீட்டைப் பார்க்கவே ஆரம்பித்தோம். சமையலறைக்குச் செங்கல் வளைவுக் கூரை, ஒரு சுவர் நெடுக நீளக் கல்தொட்டி. தட்டு, பாத்திரம் எல்லாம் அதில்தான் அடுக்கியிருந்தது. அப்பா தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார், நடுநடுவே வழவழவென்று தேய்ந்திருந்தது. "இது மாட்டுத் தொட்டிடா" என்றார். சரிதான். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கீழே கொட்டில், மேலே குடும்பம். உழவுக்குக் கியானினா என்ற உயரமான வெள்ளை மாடு. பனிக்காலத்தில் அதன் உடல்சூடு மேலே ஏறி அறையைக் கதகதப்பாக்கும்.

வீட்டுக்கார அம்மாவின் தாத்தா அந்த வீட்டிலேயே வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவராம். மெட்ஸாத்ரியா என்று பெயர், விளைச்சலில் நிலக்காரருக்குப் பாதி. மொழிபெயர்ப்புச் செயலியில் இதைக் கேட்டதும் கும்பகோணம் பக்கம் வாரத்துக்குப் பயிரிட்டிருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். விதைச் செலவு யாருடையது, மாடு யாருடையது என்று அரைமணி நேரம் விசாரணை. இத்தாலியில் 1964ல் புதிதாக வார ஒப்பந்தம் போடச் சட்டம் தடை போட்டது. அதற்கு முன்பே ஆட்கள் நகரத்துக்குக் கிளம்பியிருந்தார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன.

தோட்டத்தில் ஆலிவ் மரங்கள் எல்லாமே ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டாக நின்றன. "வெட்டின கட்டைலேந்து துளிர்த்தது, ஒரே வருஷத்துல வெட்டியிருக்காங்க" என்று அப்பா கண்டுபிடித்தார். வருஷம் 1985. அந்த ஜனவரியில் டஸ்கனி முழுக்க உறைபனி, ப்ளோரன்ஸ் பக்கம் மைனஸ் 20க்கும் கீழே போய் ஆலிவ் மரங்கள் கருகின. அடியோடு வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். விவசாயி வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்கும் 'அக்ரிதுரிஸ்மோ'வுக்குத் தேசிய அளவில் சட்டம் வந்ததும் அதே வருஷக் கடைசியில்தான். விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிபந்தனை. வீடு தேடும்போது இந்த வார்த்தையைப் பாருங்கள். வெறும் 'வில்லா' என்று இருந்தால் நீச்சல்குளம் இருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்காது.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. பிச்சி என்று கையால் உருட்டும் தடித்த நூடுல், தக்காளி பூண்டுச் சாறோடு பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். ரொட்டியில்தான் உப்பே இருக்காது, டஸ்கனி வழக்கம் அப்படி. அப்பா அதில் எலுமிச்சை ஊறுகாயைத் தடவிப் பிரச்சினையை முடித்துவிட்டார். கண்டிப்பான சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: பியென்சாவின் பேர்போன செம்மறி ஆட்டுப்பால் சீஸை உறையவைக்கப் பெரும்பாலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் சேர்க்கிறார்கள். மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை சின்ன ஊர்க் கடைகள் பூட்டிவிடும்.

குளியலறைச் சுவரில் ஒருநாள் கருப்பாகச் சின்னத் தேள். மனைவி போட்ட சத்தம் பியென்சாவரை கேட்டிருக்கும். வீட்டுக்கார அம்மா கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியே விட்டார். ஆபத்தான வகை இல்லையாம். ஆனாலும் அன்றிலிருந்து செருப்பை உதறிவிட்டுத்தான் போட்டோம். ராத்திரி அதே தோட்டத்தில் மின்மினிகள், சின்னவள் எண்ணத் தொடங்கிப் பாதியில் தூங்கிப்போவாள்.

கார் கட்டாயம் வேண்டும். இந்திய லைசென்ஸ் என்றால் சர்வதேச அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளிவண்டி போகக்கூடாது, கேமரா இருக்கிறது. எங்களுக்கு அபராதக் கடிதம் அக்டோபரில் வந்தது.

எத்தனை நாள் என்றால், ஐந்து இரவுக்குக் குறைந்தால் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் பல வீடுகள் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை என்று முழு வாரமாகத்தான் தருவார்கள், வயலும் அப்போது காய்ந்து கிடக்கும். மே கடைசி, ஜூன் தொடக்கம் பாருங்கள். அப்பாவுக்கு மட்டும் நவம்பரில் போக வேண்டுமாம், ஆலிவ் ஆட்டுவதைப் பார்க்க.