கண்மாய்க்கு முப்பத்தைந்து பிள்ளைகள்

வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். போன கார்த்திகையில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தைந்து பேரை ஊர்க் கண்மாய்க்கு அழைத்துப் போனேன். மீன் கடையில் வாங்கிய குட்டி வலைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். வந்ததெல்லாம் சேறுதான். ஒரு பையன் விரலில் ஏதோ பூச்சி கடித்து, வீட்டிலிருந்து சண்டைக்கு வந்துவிட்டார்கள். பாட்டிலில் கொண்டுவந்த தலைப்பிரட்டைகள் மறுநாள் மதியத்துக்குள் செத்துப்போயின. தை மாதம் இன்னொரு முறை போகத் தலைமை ஆசிரியர் அனுமதி தந்திருக்கிறார். எப்படிச் செய்வது? கூடவே ஓர் ஐம்பது நீர்ப்பூச்சி, செடிகளின் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் கொடுத்தால் முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைத்துவிடுவேன்.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

பட்டியல் தரப்போவதில்லை. மனப்பாடம் செய்துவிட்டு வரும் பிள்ளை, பெயர் கிடைத்ததும் அடுத்ததைத் தேட ஓடிவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள்: இது தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுகிறது? அன்றைய காலை முழுவதற்கும் அது போதும். முதலில் இடத்தையும் சாமான்களையும் சரிசெய்துகொள்வோம்.

தை நல்ல மாதம்தான். மழை ஓய்ந்து கலங்கல் அடங்கியிருக்கும், கரையோரச் செடிகள் தண்ணீருக்குள் நன்றாக வளர்ந்திருக்கும். கார்த்திகையில் சேறு வந்ததற்குப் பாதிக் காரணம் புதுவெள்ளம். ஆனால் கண்மாயின் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் தேங்கும் உட்புறம், இறங்கவே வேண்டாம். சவுடு அள்ளிய குழி எங்கே இருக்கிறதென்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளை அடுத்த எட்டில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளத்தில் இருக்கும். மிகுநீர் வழியும் கலுங்கும் ஆகாது, பாசி வழுக்கும். மடைக்குக் கீழே ஓடும் வாய்க்கால்தான் சரி: கணுக்கால் அளவுத் தண்ணீர், மெதுவான ஓட்டம், இரண்டு பக்கமும் கோரை. அந்த வாரம் மருந்தடித்த வயலின் வடிகால் அதில் கலக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கலந்தால் உயிரினமும் இருக்காது, பிள்ளைகள் கைவைக்கவும் கூடாது. குடிநீர் ஊருணியைக் கலக்கினால் ஊரில் பேச்சு வாங்குவீர்கள், அது நியாயமும்கூட. முந்தின நாள் நீங்களே ஒரு கம்போடு போய் அந்த இருபது முப்பது அடி நீளத்தையும் குத்திப் பார்த்துவிடுங்கள்.

ஆளுக்கொரு வலை என்பதுதான் போன முறை நடந்த முதல் கோளாறு. முப்பத்தைந்து வலை இறங்கினால் ஐந்து நிமிடத்தில் வாய்க்கால் கூழாகிவிடும். ஐந்து பேருக்கு ஒரு வலை, ஒரு வெள்ளை பேசின், கூட ஒரு பெரிய ஆள். ஆள் போதாவிட்டால் பிள்ளைகளின் அம்மாக்களைக் கேளுங்கள். கண்மாயில் அயிரை அள்ளிய கைகள் அவர்களுடையவை, நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். பாதிக் கூட்டம் தண்ணீரில் இருக்கும்போது மீதிப் பேர் புல்வெளியில் இருக்கட்டும், நாற்பது நிமிடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

கடை வலையின் கண் மிக நெருக்கம், சேறு வடியாது. கெட்டிக் கம்பியை ஒரு சாண் அகல வளையமாக வளைத்து, கொசுவலைத் துணியை ஒரு முழ ஆழப் பையாகத் தைத்து, நாலடி மூங்கில் கம்பில் இறுக்கிக் கட்டுங்கள். வளையத்தின் முன்பக்கத்தைச் சற்றுத் தட்டையாக்கினால் கரையோடு ஒட்டி நிற்கும். சின்னவர்களுக்குக் கம்பில் கட்டிய டீ வடிகட்டியே போதும். பேசின் வெள்ளையாக இருப்பது முக்கியம். நீல, பச்சை டப்பில் பாதிப் பூச்சி கண்ணுக்கே தெரியாது. இவை தவிர வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகள், நாலைந்து ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒரு லென்ஸ்.

பேசினில் முதலில் வாய்க்கால் தண்ணீரை நாலு விரல்கடை உயரம் ஊற்றி நிழலில் வையுங்கள். பிறகுதான் வலை. அடிச்சேற்றை வாரக் கூடாது. தண்ணீருக்குள் இருக்கும் கோரைத் தண்டு, வேலம்பாசி இவற்றின் ஓரமாக வலையை வைத்து, செடியை உதறுவதுபோல் நாலைந்து தடவை முன்னும் பின்னும் தேய்த்து எடுக்க வேண்டும். எல்லாம் ஒளிந்திருப்பது அங்கேதான். வலையைத் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசி, பேசினில் உள்வெளியாகத் திருப்பி முக்குங்கள். விரலால் வழித்தால் கால் ஒடியும். இதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று நிமிடம்தான் பிள்ளைகளுக்குக் கஷ்டமான நேரம்: கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கலங்கல் அடங்கியதும் குப்பை என்று நினைத்ததெல்லாம் நடக்கத் தொடங்கும்.

இப்போது கேள்வியைக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் உயிர், ஐந்து நிமிடம், எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ண வேண்டும்.

நீர்வண்டு பின்புறத்தை மேலே நீட்டி, இறக்கை மூடிக்கடியில் காற்றை அடைத்துக்கொண்டு இறங்கும். மல்லாந்து நீந்தும் பூச்சியின் வயிறு வெள்ளிபோல் மின்னுவது அது சுமக்கும் காற்றால். நீர்த்தேளுக்கு வால் நீளம், அது கொடுக்கு அல்ல, மூச்சுக்குழல். அடியில் இருந்தபடியே நுனியை மட்டும் மேற்பரப்பில் தொட்டுக்கொண்டிருக்கும். கொசுப்புழுவும் அப்படியே, தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஒரு வகை, தண்ணீரின் மேல் படிந்து படுத்திருந்தால் மலேரியாக் கொசுவின் இனம். பெரிய நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீர் கெட்டால் நீண்ட குழாய் ஒன்றை மேலே நீட்டுவதைப் பார்க்கலாம். சேற்றோடு வந்த சிவப்புப் புழு மேலே வரவே வராது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ்வதற்கென்று அதன் உடம்பில் நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற சிவப்புப் பொருள் (ஹீமோகுளோபின்) ஓடுகிறது. பேசின் முழுக்க அந்தப் புழுவும் கொசுப்புழுவும் மட்டுமே இருந்தால், அந்த வாய்க்காலில் சாக்கடை கலக்கிறதா என்று பிள்ளைகளே சந்தேகப்படுவார்கள்.

எல்லாவற்றிலும் வேடிக்கை தட்டானின் குஞ்சு. கறுத்த, தட்டையான, அவலட்சணமான ஒன்று. இதுவா தட்டான் என்று எந்தப் பிள்ளையும் நம்பாது. ஐந்து நிமிடம் எண்ணினாலும் அது மேலே வராது. ஒரு டப்பாவில் தனியாக விட்டு, அசையாமல் இருக்கும்போது அதன் பின்முனைக்கு அருகே கரம்பை மண் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். கலங்கல் உள்ளே இழுபடும், பிறகு பீச்சி வெளியே வரும். ஆசனவாய் வழியாகத் தண்ணீரை இழுத்துத்தான் அது மூச்சு விடுகிறது. செவுள் அங்கே உள்ளே இருக்கிறது. பயந்தால் அதே தண்ணீரை வேகமாகப் பீச்சி முன்னால் பாயும். வகுப்பே சிரித்து உருளும், சிரிக்கட்டும், அந்தப் பாடம் மறக்காது. மெலிந்த உடம்பும் வால் நுனியில் மூன்று இலைகளும் இருந்தால் அது ஊசித்தட்டானின் குஞ்சு, அந்த இலைகள்தான் செவுள். மேலே வராதவை எல்லாம் மேலே ஏறப் பார்த்தால் பேசின் சூடாகி ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே எடுத்த இடத்திலேயே ஊற்றிவிடுங்கள். எப்படியும் இருபது நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தட்டான் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் ஒரே டப்பாவில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

அந்தப் பையனைக் கடித்தது பெரும்பாலும் மல்லாந்து நீந்தும் பூச்சியாகவோ, முதுகில் முட்டை சுமக்கும் தட்டையான பழுப்புப் பூச்சியாகவோ இருக்கும். (முட்டை சுமப்பது ஆண். இதைச் சொன்னால் பெண் பிள்ளைகளுக்கு உற்சாகம்.) இரண்டும் ஊசிபோல் குத்தும், சோப்புப் போட்டுக் கழுவிக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் வலி அடங்கிவிடும். எதையும் கையால் எடுக்காமல் கரண்டியால் எடுப்பது என்ற ஒரு விதி இருந்தால் இந்தச் சண்டையே வராது. கொசு விரட்டும் களிம்பைக் கையில் தடவிக்கொண்டு வருபவர்கள் பேசினைத் தொடவே கூடாது, உள்ளே இருப்பவை செத்துவிடும்.

தலைப்பிரட்டைகள் செத்ததற்கும் மூச்சுதான் காரணம். பாட்டிலின் வாய் குறுகல், உள்ளே நெரிசல், காற்றுப் படும் பரப்பு சின்னது. பிள்ளைகள் சோற்றுப் பருக்கையும் போட்டிருப்பார்கள், அது அழுகி மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் குளோரின் வேறு. கொண்டுவரவே வேண்டாம் என்பேன். கரிய கூட்டமாகத் திரியும் தேரைக் குஞ்சுகள் இருக்கும் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு, வாரம் ஒரு முறை நாலு பிள்ளைகளை அனுப்பி வரையச் சொல்லுங்கள். பின்கால், முன்கால், வால் சுருங்குவது எல்லாம் அங்கேயே தெரியும்.

புல்வெளிக்கு நான்கு மீட்டர் கயிறும் நான்கு குச்சியும் போதும்: ஒரு சதுர மீட்டர் கட்டம். ஆடு மேய்ந்த இடத்தில் ஒன்று, மேயாத இடத்தில் ஒன்று. சுற்றி உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்து எழுதட்டும். பனி காயும் முன் போனால் பூச்சிகள் விறைத்திருக்கும், அருகில் பார்க்கலாம். பட்டாம்பூச்சி வெயில் ஏறியபிறகுதான். எருக்கஞ்செடி இருந்தால் இலையின் அடிப்புறம் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக வரி, மஞ்சள் புள்ளி, முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்பு என்றால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. நீலமும் மஞ்சளுமாக இருக்கும் எருக்கு வெட்டுக்கிளியைப் பிடிக்க வேண்டாம், அதன் குஞ்சுகளைச் சீண்டினால் திரவத்தைப் பீச்சும். இலையைக் கிள்ளவும் விடாதீர்கள், எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் கெட்டுவிடும். ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் தரையில் முட்டை இருக்கலாம், வந்த வழியே திரும்புங்கள்.

புல்லுக்குள் இறங்கும் முன் பெரியவர் ஒருவர் கம்பால் தட்டிக்கொண்டு முன்னே போக வேண்டும். கண்ணாடி விரியன் நகராமல் படுத்திருக்கும். மூடிய ஷூ, முழுக்கால் உடை கட்டாயம். காலில் ஆறாத புண் இருக்கும் பிள்ளையைத் தண்ணீரில் விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறும். வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் குளித்து உடுப்பை மாற்றச் சொல்லுங்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் பொடி உண்ணியால் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல் வரும், நம் பக்கம் குளிர்மாதங்களில் அதிகம். மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் கண்டால், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டாலும், பிள்ளை கண்மாய்ப் பக்கம் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லும்படி பெற்றோருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.