லாக் கோப்பைக் குப்பை என்று அழிக்க விடாதீர்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் சங்கக் குடும்பங்களின் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த கப்பல் பதிவுகளை எக்ஸ்எம்எல் ஆவணங்களாக்கி, பெர்க்லி டிபி எக்ஸ்எம்எல் என்ற தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம். ஆக்ஸிஜன் என்ற எக்ஸ்எம்எல் எடிட்டர் வழியாகத்தான் பார்ப்போம். லோட் ஷெடிங் மின்வெட்டில் கணினி அணைந்ததிலிருந்து இணைப்பு திறக்கவில்லை. கணினியைக் கடையில் கொடுத்தோம். ஆவணங்கள் அடங்கிய கன்டெய்னர் கோப்பு கெட்டுவிட்டது, சர்வர் வாங்கினால் மாற்றித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பெர்க்லி டிபி எக்ஸ்எம்எல்லுக்குச் சர்வரே கிடையாது. அது மற்ற நிரலுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் மென்பொருள். ஆக்ஸிஜனில் நீங்கள் உருவாக்கிய இணைப்பு ஒரு ஃபோல்டர் இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறது. இல்லாத சர்வரைக் காட்டிப் பணம் கறப்பவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். டிபிஎக்ஸ்எம்எல் என்று முடிவது கன்டெய்னர். இரண்டு அடிக்கோட்டுடன் டிபி என்று தொடங்குபவை தற்காலிகக் கோப்புகள். லாக் என்ற பெயரும் பத்து இலக்க எண்ணும் கொண்டவைதான் முக்கியம். கடைகளில் முதலில் அழிப்பது இவற்றைத்தான். நீங்கள் கடைசியாகச் சேர்த்த மாற்றங்கள் கன்டெய்னருக்குப் போகுமுன் லாக்கில்தான் எழுதப்படும். அதை அழித்தால் ஒரு தாத்தாவின் காலனி எண்ணும் (ஒப்பந்தக் கூலிக்குக் கொடுத்த பதிவு எண்) கப்பல் பெயரும் தாலுகாவும் சேர்ந்தே போகலாம். கன்டெய்னரை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போய் வேறு கணினியில் வைத்தாலும் தகராறுதான். லாக்கின் முடிவைத் தாண்டிய எண் இருக்கிறது என்று பிழை காட்டித் திறக்க மறுக்கும். உடனே கன்டெய்னர் செத்துவிட்டது என்று அறிவித்துவிடுவார்கள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஆக்ஸிஜனையும் இந்தத் தரவைத் தொடும் வேறு எந்த நிரலையும் மூடுங்கள். முழு ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அப்புறம் அதே பதிப்போடு வந்த டிபி ரெக்கவர் என்ற கட்டளையை, ஹெச் என்ற தேர்வில் ஃபோல்டரைக் குறிப்பிட்டு ஓட்டுங்கள். அது ஓடும்போது வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது. முடிந்த பிறகும் ஆக்ஸிஜன் அடம்பிடித்தால், இணைப்பின் அமைப்பில் ஏற்கெனவே உள்ள என்விரான்மென்ட்டோடு (அந்த ஃபோல்டரில் தரவுத்தளம் இயங்கும் அமைப்போடு) சேரும் தேர்வு இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டு முயலுங்கள். கையேட்டில் இவையெல்லாம் இருக்கின்றன, ஆனால் நிரலர்களுக்கு மட்டும் புரியும் மொழியில். கோயில் சங்கத்துச் செயலாளர் எப்படி அதைப் படிப்பார்?

லாக் கோப்பை எப்போதுமே அழிக்கக் கூடாதா என்றால், ஒரு விலக்கு உண்டு. அவை வளர்ந்து டிஸ்க்கை நிரப்பும்போது டிபி ஆர்க்கைவ் கட்டளையை ஓட்டுங்கள். இனித் தேவையில்லாத லாக்குகளின் பெயர்களை அதுவே காட்டும். எதுவும் காட்டாவிட்டால் அழிக்க எதுவும் இல்லை என்று பொருள், அது பிழையல்ல. பெயர் காட்டினாலும் உடனே அழிக்காதீர்கள். உங்களிடம் இருப்பது பழைய நகல் என்றால், அதிலிருந்து மீட்க அந்த நாளுக்குப் பிந்தைய லாக் ஒவ்வொன்றும் தேவைப்படும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் மூடிவிட்டு முழு ஃபோல்டருக்கும் புது நகல் எடுங்கள். பிறகு அது காட்டிய பெயர்களை மட்டும் அழியுங்கள். எண் சிறியதாக இருக்கிறது, பழசாகத்தான் இருக்கும் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இந்த ஃபோல்டரைச் சங்க அலுவலகத்தின் பொது நெட்வொர்க் டிரைவில் வைக்காதீர்கள்.

இணைப்பு திறந்ததும் டிபிஎக்ஸ்எம்எல் டம்ப் என்ற கட்டளை கொண்டு கன்டெய்னரை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். வேறு ஒரு வெற்று ஃபோல்டரில் டிபிஎக்ஸ்எம்எல் லோட் மூலம் அதை ஏற்றி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நாலைந்து குடும்பங்களைத் தேடிப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகே கணினியை வேறு யாரிடமும் கொடுங்கள்.